கடைசி ஐம்பது நாள்

(கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றில் ஆடு வளர்ப்போர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குவதற்கு முன் ஒரு விசாரணை. வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளாடு கட்டியிருக்கிறது. கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. நல்ல பால்கன்னி. யாருடையது? கையைத் தூக்குங்கள். ஆச்சி உங்களுடையதா? "டாக்டர் வாறாருன்னாவ, காட்டலாம்னு பத்திக்கிட்டு வந்தேன்" என்கிறீர்கள். நல்லது. உட்காருங்கள். பேச்சின் நடுவே உங்களிடம் வருகிறேன்.

என்னைக் கூப்பிட்டவர்கள் கொடுத்த தலைப்பு, 'ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பது எப்படி' என்பது. நான் மாற்றிக் கேட்டேன். பிரசவம் பார்ப்பதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினால் போதும். வெள்ளாடு மாடு மாதிரி இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு ஆடுகள் நம் தயவு இல்லாமலே குட்டி போட்டு, நக்கி, எழுப்பி நிறுத்திவிடும். நாம் பேச வேண்டியது அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி. என் உத்தியோக காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் ஏராளம். "ஐயா, ஆடு முக்குது, குட்டி வரல." ஐம்பது நாளுக்கு முன்னால் பட்டப்பகலில் மாட்டாஸ்பத்திரிக்கு வந்து, "ஆடு சினையா இருக்கு, நான் என்ன செய்யணும்" என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். நாலைந்து நாள் முன்னே பின்னே போகும். இதில் முதல் 100 நாள் முடியும்போது வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் எடை என்ன தெரியுமா? பிறக்கும்போது இரண்டு கிலோ இருக்கப் போகிற குட்டி, அன்றைக்கு அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். மிச்சம் ஒன்றரைக் கிலோவும் கடைசி ஐம்பது நாளில் ஏறுவது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோளம் விதைத்து, முளைத்து, தோகை விரித்து, கதிரும் தள்ளிவிட்டது. பால் பிடிக்கிற பருவத்தில் ஒரு மழை தப்பினால் என்ன ஆகும்? தட்டை இருக்கும், கதிர் இருக்கும், உள்ளே மணி இருக்காது. சினை ஆட்டுக்குப் பால் பிடிக்கிற பருவம் அந்தக் கடைசி ஐம்பது நாள்.

பிறந்து மூன்றாம் நாள் செத்துப்போகிற குட்டியைப் பார்த்து, பனி பட்டுச் செத்தது, கண்பட்டுச் செத்தது என்கிறோம். அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை தாயின் வயிற்றுக்குள்ளேயே சாவுக்குத் தயாராகிவிட்டவை. மெலிந்த தாய், ஒன்றேகால் கிலோக் குட்டி, உடம்பில் சூடு பிடித்து வைக்கக் கொழுப்பு இல்லை, மடியில் சீம்பால் இல்லை. மார்கழிப் பனி ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையோடு எனக்குச் சண்டை உண்டு. "கடைசி மாசம் தீனியைக் குறைச்சாத்தான் குட்டி சின்னதா இருக்கும், லேசா விழும்" என்பார்கள். என்னைவிட வயதில் மூத்த, என்னைவிட அதிகம் ஆடு கண்ட பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலையீத்து ஆட்டுக்கு ஒற்றைக் குட்டி கொழுத்துச் சிக்கிக்கொண்டதை எப்போதோ பார்த்த அனுபவம் அது, பொய்யில்லை. ஆனால் கன்னி ஆடும் கொடி ஆடும் இரட்டைக் குட்டி சர்வசாதாரணமாகப் போடுகிற இனங்கள். இரட்டைக் குட்டி சுமக்கிற தாய்க்குத் தீனியைக் குறைத்தால் குட்டி மட்டும் சிறுக்காது, தாயும் போய்விடும்.

எப்படிப் போகும் என்று சொல்கிறேன். இது என் தவறும் கூட. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு கொடி ஆடு, கரும்போரை, நாலாவது ஈத்து, நிறைமாசம். இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, மந்தையில் பின்தங்குகிறது என்று கொண்டுவந்தார் ஒரு அண்ணாச்சி. நான் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. நிறைமாச அசதி என்று செரிமானத்துக்கு ஒரு பொடி கொடுத்து அனுப்பினேன். மறுநாள் படுத்தது எழவில்லை. தலையை விலாப்பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு, கண் திறந்திருந்தும் பார்வை இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் குனிந்தபோதுதான் மூச்சில் அந்த வாடை அடித்தது. அழுகத் தொடங்கிய பழத்தின் தித்திப்பு வாடை. நகச்சாயம் அழிக்கிற திரவத்தை மோந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். அன்று சாயங்காலம் ஆடு செத்தது. உள்ளே மூன்று குட்டி.

அதற்குப் பெயர் சினை நச்சு நோய். வயிற்றில் இரண்டு மூன்று குட்டி இருக்கும்போது அவை கேட்கிற சர்க்கரைச் சத்தைத் தாயின் தீனி கொடுக்க முடியவில்லை என்றால், தாய் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கும். ஒரேயடியாகக் கரைந்து வரும் கொழுப்பை ஈரலால் சமாளிக்க முடியாது. பாதி எரிந்த கழிவு ரத்தத்தில் தேங்கும். மூச்சில் அடிக்கிற வாடை அதுதான். மெலிந்த ஆட்டுக்கும் வரும், அளவுக்கு மீறிக் கொழுத்த ஆட்டுக்கும் வரும். நிறைமாச ஆடு தீனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், அன்றைக்கே, அந்த மணியிலேயே மருத்துவரிடம் போக வேண்டும். படுத்த பிறகு வெல்லத் தண்ணீர் புகட்டி ஆட்டை எழுப்பியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குட்டிகள் பெருக்கப் பெருக்க, ஆட்டின் பெருவயிறு ஒடுங்கிக்கொண்டே போகும். தேவை கூடுகிற அதே நாட்களில் இடம் குறைகிறது. அதனால்தான் வெறும் தட்டையும் காய்ந்த புல்லும் போட்டு வயிறு நிரப்பினால் பயனில்லை. கொஞ்ச இடத்தில் அதிகச் சத்து போக வேண்டும். 100 நாள் தாண்டியதும் அடர்தீவனத்தைத் தொடங்குங்கள். முதலில் ஒரு பிடி. வாரம் போகப் போகக் கூட்டி, கடைசி மாதத்தில் நாளொன்றுக்குக் கால் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். காலை பாதி, மாலை பாதி. மக்காச்சோளமோ கம்போ உடைத்தது, கொஞ்சம் புண்ணாக்கு, கொஞ்சம் தவிடு, மேலே தாது உப்பு. கடையில் விற்கிற தீவனம்தான் வேண்டும் என்பதில்லை. கூடவே அகத்தியோ சவுண்டலோ வேலிமசாலோ கட்டித் தொங்கவிடுங்கள். உடைமரத்து நெற்றும் கருவேல நெற்றும் நம் காடு கொடுக்கிற புண்ணாக்கு. சித்திரை வைகாசியில் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்தால் பஞ்ச காலத்துக்கு உதவும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துத் தெருவில் கல்யாணம், மிஞ்சிய சோறு வீணாகிறதே என்று சினை ஆட்டுக்கு ஒரு சட்டி அள்ளி வைக்காதீர்கள். பழகாத ஆட்டுக்கு ஒரு நேரத்தில் இரண்டு கிலோ சோறு விஷத்துக்குச் சமம். வயிற்றில் புளித்து அமிலமாகி மறுநாளே ஆளை விழுத்தாட்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் முகூர்த்த நாளுக்கு மறுநாள் கூட்டம் அதிகம் என்பதை நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது உண்டு. வேடிக்கை இல்லை.

ஆடு மெலிந்திருக்கிறதா கொழுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். சினை வயிறு கண்ணை ஏமாற்றும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகெலும்பின் மேல் கையை வைத்து அழுத்துங்கள். எலும்பு கத்திமுனை மாதிரி உறுத்தினால் மெலிவு. அழுத்தியும் எலும்பு தட்டுப்படவில்லை என்றால் கொழுப்பு. மெதுவாக அழுத்தினால் உருண்டையாகத் தட்டுப்பட வேண்டும். வாரம் ஒரு தடவை தடவிப் பார்க்கிற கைக்கு இது தானாகப் பழகிவிடும்.

இவ்வளவும் சொன்னேன், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கடைசி ஐம்பது நாள் எப்போது தொடங்குகிறது? கிடாய் சேர்ந்த நாள் தெரிந்தால்தானே சொல்ல முடியும்? இங்கே எத்தனை பேர் அதைக் குறித்து வைத்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். மந்தையோடு கிடாய் திரிகிற இடத்தில் நாள் பார்ப்பது கஷ்டம். அதற்கும் வழி இருக்கிறது. காவிக்கல்லை எண்ணெயில் குழைத்துக் கிடாயின் நெஞ்சில் அப்பிவிடுங்கள். சேர்ந்த ஆட்டின் பின்முதுகில் காவி ஒட்டியிருக்கும். அந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். இருபத்தோரு நாள் கழித்து அதே ஆடு மறுபடியும் பருவத்துக்கு வந்து புதிதாகக் காவி பட்டால், பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வராவிட்டால் பெரும்பாலும் சினை. காவி பட்ட நாளிலிருந்து நூறு எண்ணினால் போதும்.

நாள் குறிப்பதில் இன்னொரு லாபம், மாதத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனியில் சேர்ந்தால் கார்த்திகையில் குட்டி. தாயின் கடைசி ஐம்பது நாள் புரட்டாசி ஐப்பசியில் விழும். வானம் பார்த்த பூமியில் புரட்டாசியில் காட்டில் என்ன கிடக்கும்? பொடி மண்தான் கிடக்கும். குட்டி விழுவதோ அடைமழையில். ஆவணி புரட்டாசியில் சேர்த்தால் தை மாசியில் குட்டி. கடைசி ஐம்பது நாள் மழைக்குப் பிந்திய பச்சையில் கழியும், குட்டி வெயிலில் விழும். கிடாயை ஒரு மாதம் தனியாகக் கட்டிப்போடுகிற சிரமம்தான். கட்டிப்போட மாட்டேன் என்கிறவர்கள் கார்த்திகையில் குட்டியை அடுப்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 2011இல் அரசு விலையில்லா ஆடு கொடுக்கத் தொடங்கி, ஒரு குடும்பத்துக்கு நாலு ஆடு வந்தபோது, முதல்முறையாக ஆடு வளர்க்க வந்த பெண்களிடம் நான் சொன்ன முதல் பாடம் இந்தக் காலண்டர் பாடம். அவர்கள்தான் ஒழுங்காகக் குறித்தார்கள். பரம்பரை ஆட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் கரிசல் எதையும் சும்மா கொடுக்காது. மழைப் பச்சையோடு புழுவும் வரும். ஈரப் புல்லின் நுனியில் ஏறி நிற்கிற புழுக்குஞ்சுகளை ஆடு மேய்ந்துவிடும். அதில் கொடியது ரத்தம் உறிஞ்சுகிற புழு. நாலாம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு குடிக்கும். குட்டி போடும் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தானாகவே தளர்ந்துவிடும், அந்த நேரம் பார்த்துப் புழுக்கள் முட்டையிட்டுக் குவிக்கும். அவை கீழே விழுந்து, குஞ்சாகி, புல்லில் ஏறி, குட்டி மேயத் தொடங்கும்போது அதற்காகக் காத்திருக்கும். அதனால் குட்டி போடுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுப்பது தாய்க்கு மட்டுமான வேலை இல்லை, பிறக்கப்போகிற குட்டிக்கும் சேர்த்துத்தான். கொடுப்பதற்கு முன் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவந்திருந்தால் சரி, வெளுத்திருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறம் அச்சடித்த அட்டை ஒன்றை உருவாக்கி, இமையோடு ஒப்பிட்டுப் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். நமக்கு அட்டை இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறது.

மருந்து என்றதும் கடைக்குப் போய், "ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஒரு பாட்டில்" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அல்பென்டசோல் எல்லாக் கடையிலும் கிடைக்கும். சினைப்பட்ட முதல் ஒன்றரை மாதத்தில் அதைக் கொடுத்தால் கரு கோணலாகலாம், கலைந்தும் போகலாம். நாள் குறித்து வைத்திருந்தால்தான் இந்தத் தப்பைத் தவிர்க்கலாம். சினை ஆட்டுக்கு எதைக் கொடுப்பது, எடைக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து தடுப்பூசி. நம்மில் பலர் நினைப்பது போல அது தாயை மட்டும் காப்பதற்கு இல்லை. மனுஷத் தாய்க்கும் ஆட்டுத் தாய்க்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. மனுஷக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் பொருளைக் கொடி வழியாக வாங்கிக்கொண்டு பிறக்கிறது. ஆட்டின் கொடி அதைக் கடத்தாது. குட்டி வெறும் கையோடு பிறக்கும். அதற்குக் கிடைக்கிற ஒரே சீதனம் சீம்பால். கடைசி மாதத்தில் தாயின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் பொருள் மடிக்கு இறங்கிச் சேர்கிறது. துள்ளுமாரிக்கும் ரண ஜன்னிக்கும் குட்டி போடுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பு ஊசி போட்டால், அந்த எதிர்ப்பு சீம்பாலில் வந்து நிற்கும். முந்தின வாரம் போட்டால் நேரம் போதாது. ஆட்டுக்கொல்லி ஊசியைச் சினை இல்லாத காலத்தில் போட்டு முடித்துவிடுங்கள். நிறைமாச ஆட்டைத் துரத்திப் பிடித்து, மல்லாத்தி, நாலு பேர் அமுக்கி ஊசி போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல்.

இப்போது கொஞ்சம் தூரம் போய் வருவோம். மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு தீவு. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அங்கே இருந்த பட்டாளத்துக்காரர்களுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, வியர்வை, மாதக்கணக்கில் படுக்கை. 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், செத்த சிப்பாயின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்து எடுத்தார். கிருமி கிடைத்தது, எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து, 1905இல், தெமிஸ்டாக்ளிஸ் ஸம்மித் என்ற மால்டாக்காரரே கண்டுபிடித்தார். ஆடுகள்! பார்க்கக் கொழுகொழு என்று, ஒரு குறையும் இல்லாமல், வீட்டு வாசலில் பால் கறந்து கொடுத்துக்கொண்டிருந்த ஆடுகளின் ரத்தத்தில் அந்த நோய் இருந்தது. 1906இல் பட்டாளத்துக்குப் பச்சை ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். அங்கே காய்ச்சல் சரசரவென்று இறங்கியது. இந்த ஸம்மித்தான் பிற்பாடு மால்டாவின் புராதனக் கற்கோயில்களைத் தோண்டி எடுத்தவரும். ஆட்டையும் பார்த்துக்கொண்டு கோயிலையும் தோண்டிய மனுஷர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கிருமி, இப்போது புருசெல்லா என்கிறோம், ஆட்டில் வெளிப்படுவது நம் கடைசி ஐம்பது நாளில்தான். நிறையப்போகிற நேரத்தில் சினை கலையும். இங்கே கன்று வீசுவது என்கிற மாதிரி, "ஆடு குட்டி வீசிருச்சு" என்பார்கள். முட்டு பட்டிருக்கும், பயந்திருக்கும் என்று விட்டுவிடுவார்கள். ஒன்று கலைந்தால் அது முட்டாக இருக்கலாம். ஒரே பட்டியில் இரண்டு மூன்று கலைந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும். விழுந்த குட்டியையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், நாய்க்கு வீசாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அந்த ஆட்டைத் தனியாகக் கட்டுங்கள். மாசமாக இருக்கிற பெண்கள் ஆட்டுப் பிரசவத்தில் கை வைக்கவே வேண்டாம், நல்ல பிரசவமாக இருந்தாலும் சரி. மாமியார்மார்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள்.

முட்டு என்றேன். அதுவும் நிஜம்தான். பட்டி வாசல் ஒரு முழம் அகலம், நாற்பது ஆடு ஒரே நேரத்தில் நெருக்கிக்கொண்டு நுழையும். நிறைமாச ஆட்டின் வயிறு வாசல் கம்பத்தில் இடிபடும். கடைசி மூன்று வாரம் தனியாக விடுங்கள், கிட்டத்தில் மேயுங்கள். அதற்காகக் கட்டியே போட்டுவிடவும் கூடாது. நடக்கிற ஆடு சுலபமாகப் போடும். ஐந்து மைல் ஓட்டிக்கொண்டு போய்க் கிடை அமர்த்துகிற மந்தையோடு அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான். போன ஈத்துக் குட்டி இன்னமும் ஊட்டிக்கொண்டிருந்தால், குட்டி போட இரண்டு மாதம் இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். மடிக்கு ஓய்வு வேண்டும். ஊட்டக் கூடாது என்று காம்பில் சாணியை அப்பி வைக்கிறீர்களே, அது மடிநோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நாலுக்கு ஐந்தடி மூலை ஒன்று, சுண்ணாம்பு அடித்து, வெயில் காட்டி, காய்ந்த வைக்கோல் பரப்பியிருந்தால் போதும். காய்ந்த என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். ஓட்டை ஒழுக்கை ஐப்பசிக்கு முன்னாலேயே அடைத்துவிடுங்கள். குட்டிக்குக் குடாப்பு பின்னி வைத்திருக்கிற வீடு இன்னும் இருக்கிறதா இந்த ஊரில்? இருக்கிறதா! சந்தோஷம். நரியும் நாயும் தொடாது, காற்று புகும், குளிர் பட்டால் மேலே சாக்குப் போர்த்தலாம். நான் பார்த்த எந்தக் கம்பிக் கூண்டும் அதற்கு ஈடாகாது.

ஒரு பையில் சில சாமான்களைப் போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். பழைய பருத்தித் துணி நாலைந்து, துவைத்தது. சோப்பு. டிங்சர் அயோடின். கொதிநீரில் போட்டெடுத்த கத்தரி, நூல். கையுறை. டார்ச். பால் புட்டி. ஒரு தாளில் பெரிய எழுத்தில் மருத்துவர் நம்பரும், கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962ம். ராத்திரி இரண்டு மணிக்கு எதுவும் ஞாபகம் வராது.

சரி, ஆச்சி. உங்கள் ஆட்டுக்கு வருவோம். வரும்போது அதன் வாலடியைத் தொட்டுப் பார்த்தேன். வாலின் இரண்டு பக்கமும் பென்சில் மாதிரி இரண்டு நரம்பு விறைப்பாக இருக்கும். தினமும் தடவிப் பார்த்தால் தெரியும், நாள் நெருங்க நெருங்க அது இளகும். முழுக்க இளகி, கைக்கே தட்டுப்படாமல், வாலடியில் பள்ளம் விழுந்துவிட்டது என்றால் ஒரு நாளுக்குள் குட்டி. மடி அதற்கு முன்பே இறங்கிவிடும். அதை வைத்து நாள் சொல்ல முடியாது, சில ஆடு மூன்று வாரம் முன்பே மடி விடும். ஆனால் மடித்தோல் பளபளவென்று விறைத்து, காம்பு பருத்துவிட்டால் நெருங்கிவிட்டது. பிறகு ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும். காலால் தரையைப் பறிக்கும். படுக்கும், எழும். தன் விலாவைத் தானே திரும்பிப் பார்க்கும். கம்மிய குரலில், இல்லாத குட்டியோடு பேசும். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு மறக்காது. கெட்டியான சளி தொங்கும்.

அந்த வேதனை தொடங்கி, பல மணி நேரம் இப்படியே இருக்கலாம். அது வரைக்கும் தள்ளி நின்று பாருங்கள். பனிக்குடம் வந்து, முக்கத் தொடங்கிய பிறகுதான் மணி பார்க்க வேண்டும். பலமாக முக்கி அரை மணி ஆகியும் எதுவும் வெளியே வரவில்லை என்றால் உதவி தேவை. வருவது சரியாக வருகிறதா என்று பாருங்கள். இரண்டு முன்னங்கால் குளம்பு, அவற்றின் மேல் மூக்கு. கிணற்றில் பாய்கிற பையன் மாதிரி. அது சரி. இரண்டு பின்னங்கால் முதலில் வந்தாலும் சரிதான், ஆனால் சுணங்கக் கூடாது. ஒற்றைக் கால் மட்டும், தலை மட்டும், வால் மட்டும் வந்தால் இழுக்காதீர்கள். இழுக்கிற கைதான் அதிகம் கொல்கிறது. நகம் வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டு, கையுறை மாட்டிய கை மட்டும் உள்ளே போகலாம், அதுவும் பழகிய கை.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துணியால் துடையுங்கள். மூச்சு விடவில்லை என்றால் ஒரு வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டுத் தும்ம வையுங்கள். பிறகு தாயிடம் விட்டுவிடுங்கள். நக்கட்டும். நக்குகிற அந்த நேரத்தில்தான் தாய் குட்டியின் வாசனையை மனசில் எழுதிக்கொள்கிறது. நாம் சுத்தமாகக் குளிப்பாட்டிக் கொடுத்தால் அது என் குட்டி இல்லை என்று முட்டித் தள்ளும். தொப்புள்கொடியை மூன்று விரல் விட்டு நறுக்கி, டிங்சரில் முக்குங்கள். சாம்பல் வேண்டாம், சாணி வேண்டவே வேண்டாம். தொல்காப்பிய மரபியலில் ஆட்டுக் குட்டிக்கு 'மறி' என்று ஒரு பெயர் உண்டு. எங்கள் கல்லூரியில் தமிழ் ஆர்வம் உள்ள ஒரு பேராசிரியர், "முதல் ஒரு மணி நேரம் அது மறி, அப்புறம்தான் குட்டி" என்று வேடிக்கையாகச் சொல்வார். அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்றால் சீம்பாலுக்கு.

"இளங்கொடி விழுந்த பிறகுதான் பால் விடணும்." இதை இன்றோடு மறந்துவிடுங்கள். கொடி விழ மூன்று நாலு மணி ஆகும், பன்னிரண்டு மணியும் ஆகலாம். குட்டியின் குடல், எதிர்ப்புப் பொருளை முழுசாக உள்ளே விடுகிற கதவு, பிறந்த உடனே அகலத் திறந்திருக்கும். மணிக்கு மணி ஒருக்களித்து, ஒரு நாளில் மூடிவிடும். நீங்கள் கொடிக்காகக் காத்திருக்கிற நேரம் முழுக்க அந்தக் கதவு சாத்திக்கொண்டிருக்கிறது. காம்பின் அடைப்பை எடுக்க இரண்டு பீச்சு பீச்சிவிட்டு, அரை மணிக்குள் ஊட்டவிடுங்கள். ஊட்டினால்தான் கொடியும் சீக்கிரம் விழும். இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் நாளில் இருநூறு மில்லியாவது போக வேண்டும், மூன்று நாலு தடவையாக. எழுந்து நிற்க முடியாத குட்டியின் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் பால் ஊற்றாதீர்கள். முதலில் சாக்கு சுற்றி, வெந்நீர் பாட்டில் அணைத்து, சூடாக்கிவிட்டு, பிறகு பால். சில்லிட்ட குட்டிக்குள் ஊற்றுகிற பால் நுரையீரலுக்குப் போகும்.

பால் நிறைய இருக்கிற ஆட்டின் சீம்பாலைக் கறந்து, சின்ன பாட்டிலில் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தாய் செத்த குட்டிக்கு அது உயிர். கொடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிற்கவைத்துக் கரையுங்கள். அடுப்பில் ஏற்றினால் திரண்டு கட்டியாகிவிடும். வெல்லம் போட்டு நாம்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

தாய்க்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கருப்பட்டி கரைத்து வையுங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான், நல்ல வழக்கம். அடர்தீவனத்தை அன்றே நிறுத்திவிடாதீர்கள், இரட்டைக் குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டியது இப்போதுதான். தொங்குகிற கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள், செருப்போ கல்லோ கட்டித் தொங்கவிடாதீர்கள். பன்னிரண்டு மணி தாண்டினால் கூப்பிடுங்கள். விழுந்த கொடியைப் புதைத்துவிடுங்கள்.

கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த மூலையில் நிற்கிற தம்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆடு காலால் பறிக்கிறதா தம்பி? அப்படித்தான் நினைத்தேன். நான் தொட்டபோதே வாலடியில் நரம்பு தட்டுப்படவில்லை.

ஆச்சி, கயிற்றை அவிழ்த்துச் சமுதாயக்கூடத்துப் பின்பக்கம் நிழலில் விடுங்கள், அங்கே வைக்கோல் கிடக்கிறது. வீட்டுக்கு இனி நடத்திக் கூட்டிப் போக வேண்டாம். எல்லாரும் எழுந்து போய்ச் சுற்றி நிற்காதீர்கள், அது வேதனையை அடக்கிக்கொள்ளும். ஒருவர் போனால் போதும். தம்பி, நீங்கள் மணி பாருங்கள். பனிக்குடம் வந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். அதுவரை, முன்வரிசை அண்ணாச்சி, உங்கள் கேள்வி என்ன?